கரடிக் கூண்டும் பூந்தமல்லிச் சுறாவும்

பெண் பார்க்கப் போன இடத்தில் முழு உண்மை பேசிய ஆண்மகன் எவனையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஒருவன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்பான். இன்னொருவன் அடுத்த வருஷம் மேனேஜர் என்பான். பெண் வீட்டாரும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள், அதனால் யாருக்கும் பெரிய சேதமில்லை. நான் கொஞ்சம் வித்தியாசமாகச் செய்துவிட்டேன். கூண்டுக்குள் உட்கார்ந்து கடலில் இறங்கி வெள்ளைச் சுறாவை நேருக்கு நேர் பார்ப்பதுதான் என் வாழ்க்கை லட்சியம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு காணும் பொங்கலோடு சரி. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நிற்பேன். அலை வந்தால் அலையைவிட வேகமாகக் கரைக்கு வந்துவிடுவேன். நீச்சல் தெரியாது. நீச்சல் கிடக்கட்டும், குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்கிற ஜாதி நான்.

பெண் வீடு ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே ஃபோர்மேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஆறடி மனிதர், மீசை தனி. பெண் வசந்தி விலங்கியல் படித்தவள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்ததும், "ரெண்டு பேரும் ஏதாவது பேசணும்னா பேசுங்க" என்று எங்களைத் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

"உங்களுக்கு எதுல ஆர்வம்?" என்று வசந்தி கேட்டாள்.

எதிலும் இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் முந்தின ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு படம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் படகில் போய், கடலில் மீன் ரத்தத்தை ஊற்றி, இரும்புக் கூண்டுக்குள் இறங்குகிறார்கள். வெள்ளைச் சுறா வந்து கூண்டைக் கடித்துப் பார்க்கிறது. பக்கத்துப் பாறையில் சீல்கள், அப்பால் டால்பின்கள். அதற்குள் அம்பத்தூரில் கரண்ட் போய்விட்டது. அந்தப் பாதிப் படத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு முழுச் சொற்பொழிவே செய்தேன்.

அவள் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. "நிஜமாவே கூண்டுல இறங்குவீங்களா?"

"இறங்குவேனாவா? இன்னிக்குக் கூண்டு கிடைச்சா இன்னிக்கே இறங்குவேன்!" (ஆவடியில் கூண்டுக்கு எங்கே போவார்கள் என்ற தைரியம்தான்.)

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. மாங்காட்டில் மண்டபம் பார்த்தாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம் ஆபீசுக்கு போன். வருங்கால மாமனார்.

"மாப்பிள்ளை, பூந்தமல்லியில பொருட்காட்சி போட்டிருக்கான். உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு. நாளைக்கு சாயங்காலம் குடும்பத்தோட போறோம்."

"என்ன மாமா வந்திருக்கு?"

"சுறா!" என்றார். போனிலேயே மீசையை முறுக்கும் சத்தம் கேட்டது போலிருந்தது.

பொருட்காட்சி குமணன்சாவடியைத் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டிய மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. ராட்டினம், டெல்லி அப்பளம், வளையம் எறிந்து சோப்பு டப்பா ஜெயிக்கும் கடை எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கடைசியில் மரப் பலகைகளால் கட்டிய பெரிய வட்டக் கிணறு. அது முன்பு மரணக் கிணறாக இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் கோபித்துக்கொண்டு வேறு பொருட்காட்சிக்குப் போய்விட்டதால், முதலாளி உள்ளே தார்ப்பாயை விரித்து, லாரித் தண்ணீரை நிரப்பி, அதில் நீலச் சாயத்தைக் கரைத்து, கடல் என்று பெயர் வைத்துவிட்டார். வெளியே போர்டு: 'ஆஸ்திரேலியாவின் வெள்ளைச் சுறா! கூண்டில் இறங்கத் துணிவு உண்டா?'

"சுறாவுக்கு லாரி லாரியா தண்ணி" என்றார் மாமியார். "நாம ஒரு குடத்துக்கு அடிபம்புல மல்லுக்கட்டுறோம்."

படியேறி மேலே போய் நின்றோம். மரணக் கிணற்றைப் பார்ப்பது போலவே கூட்டம் வட்டமாக நின்று கீழே எட்டிப் பார்த்தது. அடி தெரியாத நீலம். நடுவில் சங்கிலியில் தொங்கிய ஒரு கூண்டு. தண்ணீருக்குள் ஏதோ பெரிதாக, சாம்பல் நிறத்தில், ஓரமாகச் சுற்றிவந்தது. முதுகில் முக்கோணத் துடுப்பு. நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "தாய்மார்களே, பெரியோர்களே! கப்பல்ல வந்து, ஹார்பர்ல எறங்கி, லாரியில பூந்தமல்லிக்கு வந்துகீற ரத்தவெறி புடிச்ச சுறா! தண்ணியோட ஆழம் மூணு தென்னமரம்! யாருனா கீறீங்களா ஆம்பள?"

"இதோ கீறார்!" என்று மாமனார் என் கையைத் தூக்கிப் பிடித்தார். (அவர் குவார்ட்டர்ஸ்காரர், அந்தப் பாஷை பேசுகிறவர் இல்லை. உற்சாகத்தில் தொற்றிக்கொண்டது.)

"மாமா, புதுச் சட்டை..." என்றேன்.

"கழட்டிக் குடுங்க, நான் வச்சிருக்கேன்."

"பஜ்ஜி சாப்பிட்டிருக்கேன் மாமா. சாப்பிட்டுட்டுத் தண்ணியில இறங்கக் கூடாதும்பாங்க..."

"அது தண்ணிக்கு பயந்தவன் சொல்றது. நீங்க சுறாவையே பார்க்க ஆசைப்பட்டவரு."

கடைசி நம்பிக்கையாக வசந்தியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'வேண்டாங்க' என்று சொன்னால் போதும். அவளுக்காக விட்டுக்கொடுத்த மாதிரி படியிறங்கிப் போய்விடலாம். அவள் தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"போய்ட்டு வாங்க" என்றாள். ஏதோ கடைக்கு அனுப்புவது போல.

பனியனும் பேண்ட்டுமாக என்னைக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கூண்டு ஏதோ சர்க்கஸில் கரடி குடியிருந்த கூண்டு. எப்படித் தெரியும் என்கிறீர்களா? 'கரடிக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்' என்ற தகரப் பலகையை யாரும் கழற்றவில்லை. அது சரியாக என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கண்ணில் மாட்டிக்கொள்ள ஒரு வெல்டிங் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டதும் உலகம் முழுக்க இருட்டிவிட்டது. பயத்தோடு இருட்டும் சேர்ந்துகொண்டது.

சங்கிலி கிறீச்சிட்டது. கூண்டு இறங்கியது. தண்ணீர் பாதத்தைத் தொட்டதுமே நான் மேல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் மடக்கி, பல்லி மாதிரி கூரையில் ஒட்டிக்கொண்டேன். மூன்று தென்னை மர ஆழம் அல்லவா! கூண்டு எங்கோ போய் 'டங்'கென்று நின்றது. நான் நிற்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தேன்.

"இப்ப பாருங்க, ரத்தவாடை!" என்று முதலாளி மேலிருந்து ஒரு வாளி பீட்ரூட் தண்ணீரையும் காசிமேட்டு நெத்திலியையும் கவிழ்த்தார். தண்ணீருக்குப் போனதைவிட என் தலைக்கு வந்ததுதான் அதிகம். ஒரு நெத்திலி பனியனுக்குள் போய்விட்டது. அது செத்த மீன் என்று எனக்குத் தெரியும். என் உடம்புக்குத் தெரியவில்லை. உடம்பு துள்ளிய துள்ளலில் மேலே கைதட்டல் எழுந்தது.

துடுப்பு திரும்பியது. நேராக என்னை நோக்கி வந்தது. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். திறந்த வாய். வரிசையாகப் பற்கள். கூண்டில் வந்து 'தொம்'மென்று மோதியது. நான் அலறிய அலறலுக்கு ராட்டினமே நின்றதாகப் பின்னால் மாமியார் சொன்னார்.

அந்த வாய்க்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சோக்கா கத்துறியே அண்ணாத்தே! இன்னும் ரெண்டு தபா கத்து. ஜனம் குஷியாவும்."

நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். பல்லுக்குப் பின்னால் வியர்த்துப்போன ஒரு மனித முகம், மீசையோடு. லாரி ட்யூபை வெட்டி ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்த உறைக்குள் ஒரு ஆள்!

"நீ... நீங்க... யாரு?"

"ஏழுமல. இங்க குமணன்சாவடிதான் நம்ம ஊடு. நீ எங்கேர்ந்து வந்துகீற?"

"அம்பத்தூர்" என்றேன். சுறாவுக்கு முகவரி சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"அட, எம் பொஞ்சாதி ஊட்டாளுங்க அல்லாம் அம்பத்தூருதான். ஓட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம். சரி, நா ஒரு ரவுண்டு வர்றேன். வந்து முட்டுவேன், பயப்படாத, இன்னா?"

அவர் சுற்றப் போனார். எனக்கு உயிர் திரும்பியது. உயிரோடு கொழுப்பும் திரும்பியது. மேலே வசந்தி பார்க்கிறாள். ஒரு கையால் தொங்கிக்கொண்டே மறு கையை அவளை நோக்கி வீசினேன். 'இவ்வளவுதானா சுறா?' என்பது போல ஒரு பார்வையும் விட்டேன்.

இரண்டாவது சுற்றில்தான் எல்லாம் கெட்டது. கூண்டுக்குப் பக்கத்தில் வந்த ஏழுமலை முட்டவில்லை. துள்ளினார்.

"அண்ணாத்தே! காலு நரம்பு இழுத்துகினு கீது! நிக்க முடியல... தல உள்ள பூவுது!"

இரண்டு காலும் வாலுக்குள் சேர்த்துக் கட்டியிருந்தது. மனிதரால் நிற்கவும் முடியவில்லை, நீந்தவும் முடியவில்லை. சுறாவின் வாய் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தது. நடிப்போ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் நடிப்பு இல்லை என்று தெரிந்தது. கம்பிக்கு வெளியே கையை விட்டு அகப்பட்டதைப் பிடித்தேன். பக்கத் துடுப்பு. இழுத்து, அவர் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினேன். கூரையில் ஒரு கை, சுறாவின்மேல் ஒரு கை. வாயில் அலறல்.

"காப்பாத்துங்க! சுறாவைக் காப்பாத்துங்க!"

மேலே இருந்தவர்களுக்கு 'சுறா' மட்டும் கேட்டது. பார்த்தது வேறு: சுறாவின் வாய்க்குப் பக்கத்தில் என் கை, சுற்றிலும் பீட்ரூட் சிவப்பு.

"ஐயய்யோ! மாப்பிள்ளையோட கையைக் கடிச்சிடுச்சுங்க!" மாமியாரின் குரல்.

"விடுடா என் மாப்பிள்ளையை!"

நிமிர்ந்து பார்த்தேன். ஆறடி ஃபோர்மேன், வெள்ளை வேட்டி, கையில் குடையோடு, பலகை விளிம்பிலிருந்து ஆகாயத்தில் புறப்பட்டிருந்தார். தண்ணீர் பிளந்தது. ஆழம் மூன்று தென்னை மரம் என்று கேட்டுவிட்டுத்தான் குதித்தார் என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

குதித்தவர் நின்றார். மார்பளவு தண்ணீரில்.

அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. குடையை மடக்கிப் பிடித்துச் சுறாவின் மண்டையில் சாத்தினார். ரப்பர் ஆதலால் அடி விழுந்த வேகத்தில் குடை திரும்பி வந்தது. மறுபடியும் சாத்தினார்.

"அடிக்காதீங்க சார்! புள்ளகுட்டிக்காரன் சார்!" என்றது சுறா.

ஓங்கிய குடை அந்தரத்தில் நின்றது. மாமனார் சுறாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுறாவைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார் மெதுவாக, "இது தமிழ் பேசுது."

மேலே யாரோ ஒருவன், "மெட்ராஸ் சுறா மச்சான்!" என்று கத்தினான். கிணறு அதிர்ந்தது சிரிப்பில்.

மாமனார் அசந்துபோய்க் குடையைக் கீழே ஊன்றினார். குடையின் நுனி தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. முதலில் 'குளுக்' என்று ஒரு சத்தம். பிறகு பலகை இடுக்குகள் வழியாகக் கடல் வெளியே போக ஆரம்பித்தது. வெளியே ஒரே கூச்சல். டெல்லி அப்பளக்காரரின் அடுப்பு அணைந்தது, வளையம் எறியும் கடையின் சோப்பு டப்பாக்கள் பெங்களூர் ரோட்டை நோக்கி மிதந்தன. கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள் தண்ணீரே இல்லை. நடுவில் கரடிக் கூண்டு. அதன் கூரையில் கால்களை மடக்கித் தொங்கும் நான். பக்கத்தில் மல்லாந்து கிடக்கும் சுறா. குடையோடு, தலை முதல் கால் வரை நீலமாக, என் மாமனார்.

முதலாளியின் குரல் மைக்கில் வந்தது. "அடுத்த காட்சி நாளைக்கு!"

ஜனம் விடாமல் கைதட்டியது. இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

கூண்டுக் கதவு திறக்கவில்லை. மாமனார் வந்து கீலை ஆராய்ந்தார். "என்ன வெல்டிங் இது? எங்க ஃபேக்டரியில இப்படிப் பண்ணினா மெமோ" என்று முணுமுணுத்தபடி குடைக் கம்பியால் ஊசியைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றி வைத்தார். மாமியாரும் வசந்தியும் கீழே ஓடிவந்தார்கள். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் அழுதுகொண்டே ஓடிவந்தாள், ஏழுமலையின் மனைவி. உறையைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள். மாமியார் பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கொடுக்க, இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து சுறாவின் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டார்கள்.

மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டார். நீல மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"சுறா விஷயம்?"

"டிவியில பார்த்தேன். பாதியில கரண்ட் போயிடுச்சு."

அவர் மீசையைப் பிழிந்தார். மாங்காட்டு மண்டபம் என் கண்ணெதிரே கைநழுவிப் போனது. அப்போதுதான் வசந்தி பேசினாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. அந்தச் சுறாவைப் பார்த்ததுமே தெரியும். சுறா வாலை இப்படியும் அப்படியும் பக்கவாட்டுல ஆட்டும். இது மேலயும் கீழயும் ஆட்டுச்சு. சுறாவைப் பத்தி இவருக்கு ஏதாவது தெரிஞ்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பார். இவர் பஜ்ஜி சாப்பிட்டேன்னு அழுதார்."

"தெரிஞ்சுமா அனுப்புனே?" என்றேன்.

"இன்னிக்குக் கூண்டு கிடைச்சா இன்னிக்கே இறங்குவேன்னீங்களே." சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "ஆனா ஒண்ணுப்பா. அவருக்குக் கால் இழுத்துக்கிட்டப்ப இவர் பயந்து அலறிக்கிட்டே இருந்தார். கையை மட்டும் விடவே இல்ல."

மாமனாரின் முகம் இளகியது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் நான் வீரனாகவே ஆவடி திரும்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கு என்னிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"அது... என் வாட்ச் செயின் துடுப்புக் கம்பியில மாட்டிக்கிச்சு" என்றேன். "விடலாம்னு பார்த்தேன். வரலை."

வசந்தி அங்கேயே, அந்த ஈரத் தார்ப்பாயின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். மாமியார் சிரித்தார். காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஏழுமலை, "ஆமா சார், அப்பால நான்தான் கயிட்டி வுட்டேன்" என்றார். கடைசியில் மாமனாரின் நீல மீசையும் துடிக்க ஆரம்பித்தது. அவர் சிரித்தபோது பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஆவடி பஸ்ஸில் எனக்கும் மாமனாருக்கும் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "எந்த ஊர் கோயில்ல சார் வேஷம் கட்டுனீங்க?" என்று கண்டக்டர் மரியாதையாகக் கேட்டார். "பூந்தமல்லி" என்று மாமனார் அதைவிட மரியாதையாகப் பதில் சொன்னார்.

கல்யாணம் குறித்த நாளில் மாங்காட்டில் நடந்தது. ஏழுமலை மனைவியோடு, எவர்சில்வர் குடத்தோடு வந்திருந்தார். பந்தியில் என் பெரியப்பா அவரிடம், "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று விசாரித்திருக்கிறார். "நான் சுறாங்க" என்று இவர் அடக்கமாகச் சொல்ல, அந்தப் பெயரில் சம்பந்தி வீட்டில் ஒரு கிளை இருக்கிறது போல என்று பெரியப்பா நினைத்துக்கொண்டு, "சுறா வீட்டாருக்கு இன்னும் ரெண்டு வடை போடுப்பா" என்றாராம்.

தலை தீபாவளிக்கு மறுநாள் மாமியார் சுறாப் புட்டு செய்து பரிமாறினார். விழுப்புரம் கைப்பக்குவம், உதிரி உதிரியாக, பூண்டு மணக்க. நான் ஒரு வாய் எடுத்து வைக்கும் நேரம் பார்த்து மாமனார் தட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, சம்பந்தியையே சமைச்சு வச்சிருக்கே?"

அன்றோடு அந்த வீட்டில் சுறாப் புட்டு என்ற பெயர் ஒழிந்தது. சம்பந்திப் புட்டு. மார்க்கெட்டுக்குப் போனால் "சம்பந்தி கிடைச்சாரா?" என்பார்கள். குழம்பு வைத்தால் "சம்பந்திக்குப் புளி பத்தல" என்பார்கள். என் மகள் பிறந்து, பேசிப் பழகியதே இந்தப் பாஷையில்தான். சுறா என்றால் கடலில் இருப்பது, சம்பந்தி என்றால் தட்டில் இருப்பது என்பது அவள் ஞானம்.

போன மாதம் முகப்பேரில் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். இப்போது அவள் வேலைக்குப் போகிற பெரிய பெண். மெனு கார்டைக்கூடப் பார்க்காமல், "சம்பந்திப் புட்டு இருக்கா?" என்று சர்வரைக் கேட்டுவிட்டாள்.

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் உள்ளே போய் யாரிடமோ நெடுநேரம் பேசிவிட்டு வந்தான்.

"மேடம், சம்பந்தி காலையிலயே தீர்ந்துட்டாராம்" என்றான்.